குறி தப்புகிறதா? புது ஸ்கோப் வாங்கும் முன் எங்கே பார்க்க வேண்டும்

பென்சில்வேனியாவில் ரைஃபிளோடு மான் வேட்டைக்குப் போகும் சீசன், 2019 முதல் தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறது. அக்டோபர் கடைசியிலேயே சுடுதளங்களில் கூட்டம் சேர்ந்துவிடும். அங்கே அதிகம் காதில் விழுவது ஒரே பேச்சுதான்: "இந்த ஸ்கோப் சரியில்லை, வேற வாங்கணும்." ஸ்கோப் என்பது குறி பார்க்கத் துப்பாக்கிமேல் மாட்டும் தொலைநோக்கி. அது துப்பாக்கியோடு சேர்த்துப் பொட்டலமாக வந்தது என்றால் யாரும் இரண்டாம் யோசனைகூடச் செய்வதில்லை. நேரே கடைக்குப் போய் 200, 300 டாலர் கொடுத்துப் புதிதாக ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு வருகிறார்கள். அதுவும் அதே மாதிரி சுடுகிறது.

விலை குறைந்த ஸ்கோப்பில் பழுது வராது என்று நான் சொல்லவில்லை, வரும். ஆனால் கோளாறு ஸ்கோப்புக்குள் இருக்கிறதா, அதைப் பிடித்திருக்கும் இரும்பில் இருக்கிறதா, சுடுகிறவர் கண்ணில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்காமல் காசைச் செலவழிக்கக் கூடாது. அறிகுறியைச் சரியாகப் படித்தால், புதிதாக வாங்க வேண்டுமா, வாங்குவதென்றால் எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். அதனால் கீழே அறிகுறி வாரியாகவே எழுதியிருக்கிறேன்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை தடை செய்யப்பட்டது. எனவே இது அமெரிக்காவில் உரிமம் எடுத்து வேட்டைக்குப் போகிற நம்மவர்களுக்காக. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வகை விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. பென்சில்வேனியா உரிமம் ஜூன் 30-ஆம் தேதியோடு முடிகிறது. ஜூலையில் குறி பார்க்கச் சுடுதளம் போகிறவர்கள் புது உரிமத்தை முதலில் வாங்கிவிட வேண்டும்.

எதையும் தொடும் முன்

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் உருளை) கழற்றித் தனியே வைத்துவிட்டால் இன்னும் நல்லது. ஸ்க்ரூ வேலை எல்லாம் அப்படித்தான் நடக்க வேண்டும்.

அடுத்து, உண்மையிலேயே கோளாறு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு குண்டு தள்ளி விழுந்தது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மேசையில் மணல் பைகளை வைத்து, துப்பாக்கியின் முன்புறமும் பின்புறமும் பையில் உட்கார, ஒரே பெட்டித் தோட்டாவில் 3 சுடுங்கள். வேட்டை ரைஃபிளின் குழல் மெல்லியது, சீக்கிரம் சூடேறும். தொட்டால் சுடாத அளவுக்கு ஆறவிட்டு இன்னொரு 3. 100 கஜத்தில் மூன்றும் ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்தால் உங்கள் துப்பாக்கியும் ஸ்கோப்பும் மான் வேட்டைக்குத் தேவையானதைச் செய்கின்றன. மானின் இதயமும் நுரையீரலும் இருக்கிற பகுதி சுமார் 8 அங்குல வட்டம். அதற்கு வெளியே விழும் குண்டுதான் காயத்தோடு காட்டுக்குள் ஓடி, கிடைக்காமலே வலியில் சாகும் மானை உண்டாக்குகிறது. இந்த வேலைக்கெல்லாம் பொறுமை காட்டுவதற்குக் காரணம் அதுதான்.

கணக்கு ஒன்று மனதில் இருக்கட்டும். ஸ்கோப்பின் மேலும் பக்கத்திலும் உள்ள டர்ரெட் எனும் குமிழ்களைத் திருப்பித்தான் குறியை நகர்த்துகிறோம், ஒவ்வொரு படிக்கும் ஒரு க்ளிக் கேட்கும். பெரும்பாலான வேட்டை ஸ்கோப்புகளில் ஒரு க்ளிக் என்பது கால் எம்.ஓ.ஏ. (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணம்தான் எம்.ஓ.ஏ.). 100 கஜத்தில் ஏறக்குறைய கால் அங்குலம், அதாவது 4 க்ளிக்குக்கு ஓர் அங்குலம். 25 கஜத்தில் அதே ஓர் அங்குலத்துக்கு 16 க்ளிக் வேண்டும்.

அறிகுறி: குண்டுகள் ஓரிடத்தில் விழாமல் அலைகின்றன

அதிகம் வருகிற புகார் இதுதான். ஸ்கோப்பைக் குறை சொல்லும் முன் ஆறேழு இடங்களைப் பார்க்க வேண்டியதும் இதில்தான்.

முதலில் பேஸ். துப்பாக்கியின் உடலோடு ஸ்கோப் தாங்கியை இணைக்கும் அடித்துண்டு அது. ஒரு கையால் ஸ்கோப்பை இடமும் வலமுமாக லேசாக அழுத்துங்கள். மற்றக் கையின் ஆள்காட்டி விரல் நுனியைப் பேஸும் துப்பாக்கி உடலும் சேருகிற கோட்டின்மேல் வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத அசைவுகூட அந்த விரல் நுனியில் தெரியும். அசைந்தால் கோளாறு கிடைத்துவிட்டது. அசையாவிட்டாலும் அங்கேயே நிறுத்த வேண்டாம். பேஸ் ஸ்க்ரூவைப் பார்க்க வேண்டுமென்றால், ஸ்கோப் குழாயைச் சுற்றிப் பிடித்திருக்கும் வளையங்களான ரிங்குகளைத் திறந்து ஸ்கோப்பை எடுத்தாக வேண்டும். சோம்பல்பட்டு இதைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம்.

நண்பர் ஒருவர் பெரிய கடை ஒன்றில் ஸ்கோப் மாட்டியே கொடுத்த ஒரு ரைஃபிளை வாங்கினார். வீட்டு மேசையில் வைத்து நாங்கள் ரிங் மூடிகளைத் திறந்தபோது ஸ்கோப் குழாயின் கறுப்புப் பூச்சில் முன்னும் பின்னுமாக இழுபட்ட மாதிரி பளபளப்பான கோடுகள் இருந்தன. ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னுதையில் ஸ்கோப் ரிங்குக்குள் நகர்ந்து வந்திருக்கிறது. முன் பேஸின் இரண்டு ஸ்க்ரூக்களையும் எடுத்துப் பார்த்தால் மரையெல்லாம் எண்ணெய். துருப்பிடிக்காமல் இருக்கத் தொழிற்சாலையில் பூசிய எண்ணெயைத் துடைக்காமலே கடையில் மாட்டியிருக்கிறார்கள். ஸ்கோப்பில் எந்தக் குறையும் இல்லை. துடைத்து, திருப்பி மாட்டி, அதே ஸ்கோப்பில்தான் இன்றும் சுடுகிறார்.

செய்ய வேண்டியது இதுதான். பேஸ் ஸ்க்ரூக்களையும் அவை இறங்கும் துளைகளையும் அசிட்டோன் தொட்ட துணியால் எண்ணெய் போகத் துடையுங்கள். பேஸ் ஸ்க்ரூவின் மரையில் நீல நிற மரைப்பசை ஒரு சொட்டு விடலாம். சிவப்பு வேண்டாம், பிறகு கழற்ற முடியாது. ரிங் மூடி ஸ்க்ரூக்களுக்குப் பசையே வேண்டாம். ஈரப்பசை எண்ணெய் மாதிரி வழுக்கும், அளவுக்கு மீறி இறுகி ஸ்கோப் குழாயை நசுக்கிவிடும். இறுக்குவதற்கு இஞ்ச்-பவுண்ட் கணக்கில் காட்டும் சிறிய டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வேலையில் ஒரே ஒரு கருவிக்குக் காசு செலவழிக்கலாம் என்றால் அது இதற்குத்தான். ரிங் மூடிகளுக்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்வது 15 முதல் 18 இஞ்ச்-பவுண்ட். பேஸுக்கு 20-ஐ ஒட்டி வரும், ஆனால் உங்கள் பேஸோடு வந்த தாளில் இருக்கிற எண்ணே முடிவானது. மூடியின் இரு பக்கமும் இடைவெளி சமமாக வரும்படி, எதிரெதிர் ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

முடிந்ததும் வெள்ளை நகப்பூச்சால் ரிங்கும் குழாயும் சேருகிற இடத்தில் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுங்கள். ஸ்கோப் நகர்ந்தால் கோடு முறியும். அடுத்த வருஷம் சந்தேகம் வந்தால் பார்த்தவுடனே பதில் கிடைக்கும்.

பேஸும் ரிங்கும் சரியென்றால் துப்பாக்கியின் கட்டையைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள். மரக்கட்டை குளிரிலும் ஈரத்திலும் சுருங்கி விரியும், போன வருஷம் இறுகியிருந்தது இந்த வருஷம் தளர்ந்திருக்கும். அளவு துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும், கையேட்டைப் பார்த்து இறுக்குங்கள். அப்புறம், ஸ்கோப்பின் அகன்ற முன்பகுதி குழலைத் தொடுகிறதா என்று பார்க்க ஒரு துண்டுக் காகிதத்தை இடையில் விட்டு இழுங்கள். தாராளமாகப் போய்வர வேண்டும். இடித்தால் உயரமான ரிங் தேவை.

தோட்டா மாறியிருக்கிறதா? 150 கிரெய்ன் குண்டில் குறி வைத்துவிட்டு, கடையில் அது தீர்ந்துபோனதால் 180 வாங்கிச் சுட்டால் குண்டு வேறிடத்தில்தான் விழும். ஒரே எடையிலும் தயாரிப்பாளர் மாறினால் விழும் இடம் மாறலாம். இது கோளாறே அல்ல.

பேரலாக்ஸ் என்ற சொல்லைக் கேட்டுப் பலர் பயப்படுகிறார்கள். கண் ஸ்கோப்பின் நடுவிலிருந்து விலகினால் குறுக்குக்கோடு இலக்கின்மேல் நகர்வது போலத் தெரியும் பிழை அது. வேட்டை ஸ்கோப்புகள் பெரும்பாலும் 100 கஜத்துக்குப் பிழை இல்லாதபடி தொழிற்சாலையிலேயே அமைக்கப்படுகின்றன. 40 மி.மீ. முன்கண்ணாடி உள்ள ஸ்கோப்பில், 200 கஜத்தில், கண்ணை ஓரத்தின் கடைசி வரை தள்ளிவைத்தால்கூட வரக்கூடிய அதிகபட்சப் பிழை ஏறக்குறைய 20 மி.மீ. மானுக்கு அது ஒன்றுமே இல்லை. பேரலாக்ஸ் சரிசெய்யும் வசதிக்காகக் கூடுதலாக 100 டாலர் கொடுக்காதீர்கள். ஆனால் ஒன்று: சிறிய .22 ரைஃபிளுக்கான ஸ்கோப்பு பெரும்பாலும் 50 கஜத்துக்கு அமைக்கப்பட்டிருக்கும், மான் ரைஃபிளின் பின்னுதைக்காகச் செய்யப்பட்டதும் அல்ல. விலை குறைவாக இருக்கிறதே என்று அதை வாங்கி .30-06 போன்ற மான் ரைஃபிள் மேல் மாட்ட வேண்டாம்.

இத்தனையும் பார்த்த பிறகும் குண்டு அலைந்தால், நன்றாகச் சுடுகிறது என்று தெரிந்த இன்னொரு ஸ்கோப்பை யாரிடமாவது இரவல் வாங்கி மாட்டிச் சுடுங்கள். அதிலும் அலைந்தால் கோளாறு துப்பாக்கியில் அல்லது தோட்டாவில். அதில் ஒழுங்காக விழுந்து உங்களுடையதில் மட்டும் அலைந்தால், ஸ்கோப்புக்குள் குறுக்குக்கோட்டைத் தாங்கும் உள்குழாயையோ அதை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கையோ சந்தேகப்படலாம். ஒவ்வொரு பின்னுதைக்கும் அது வேறு வேறு இடத்தில் உட்காருகிறது. இதை வீட்டில் சரிசெய்ய முடியாது. புது ஸ்கோப் வாங்க இது நியாயமான காரணம்.

அறிகுறி: க்ளிக் திருப்பினால் குண்டு நகரவில்லை, அல்லது அடுத்த குண்டுக்குப் பிறகு நகர்கிறது

4 க்ளிக் மேலே திருப்பினீர்கள், குண்டு அதே இடத்தில். சலித்துப்போய் இன்னும் 4 திருப்பினீர்கள். அடுத்த குண்டு இரண்டு அங்குலம் மேலே தாவியது. உள்ளே இருக்கும் குழாய் உராய்வில் மாட்டிக்கொண்டு, துப்பாக்கி உதைத்த பிறகு நழுவி இடத்துக்கு வந்திருக்கிறது. விலை குறைந்த ஸ்கோப்புகளிலும் பல வருஷம் தொடாமல் கிடந்த பழைய ஸ்கோப்புகளிலும் இது சகஜம்.

கணக்கு சரிதானா என்று முதலில் பாருங்கள். 25 கஜத்தில் நின்றுகொண்டு 4 க்ளிக் திருப்பினால் குண்டு நகர்வது கால் அங்குலம்தான், அது மூன்று குண்டுகளின் இயல்பான சிதறலுக்குள்ளேயே மறைந்துவிடும். கணக்கில் தவறில்லை என்றால், திருப்ப வேண்டிய அளவைவிட ஐந்தாறு க்ளிக் கூடுதலாகப் போய், திரும்பவும் சரியான எண்ணுக்கு வாருங்கள். டர்ரெட்டின் தலையில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மெல்ல இரண்டு தட்டு. அப்புறம் குறியே பார்க்காமல் மண்மேட்டில் ஒரு குண்டு சுட்டுவிட்டு, அதற்கு அடுத்ததிலிருந்து கணக்கு வையுங்கள்.

நகர்வு உண்மையா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது. 100 கஜத்தில் உயரமான அட்டை ஒன்றை வைத்து, அதன் கீழ்ப்பகுதியில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியையே குறி வைத்து 3 குண்டு. 60 க்ளிக் மேலே திருப்பி, அதே புள்ளியைக் குறி வைத்து இன்னும் 3. ஒரு க்ளிக் கால் அங்குலத்தைவிடச் சற்றே அதிகம் என்பதால், இரண்டாவது குழு முதலாவதைவிட 15.7 அங்குலம் மேலே இருக்க வேண்டும். அரை அங்குலம் முன்னே பின்னே இருந்தால் வேட்டைக்குப் பரவாயில்லை. 60 க்ளிக்கையும் கீழே இறக்கிச் சுடும்போது குண்டு பழைய இடத்துக்கே வர வேண்டும். வராவிட்டால் அந்த ஸ்கோப்பை நம்பாதீர்கள்.

இங்கே என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். 300 டாலருக்குள் ஸ்கோப் தேடுகிறவர், தூரத்துக்குத் தக்கபடி கையால் திருப்பும் பெரிய வெளி டர்ரெட்டைத் தேடிப் போகக் கூடாது. அந்த விலையில் அது பெரும்பாலும் தோற்றத்துக்குத்தான். ஒருமுறை குறி வைத்து, மூடி போட்டு, சீசன் முடியும் வரை தொடாமல் விடுகிற சிறிய டர்ரெட்தான் புதர் உரசியும் பையில் இடித்தும் திரும்பாமல் நிற்கும். பென்சில்வேனியாவின் மரம் அடர்ந்த மலைச்சரிவுகளில் 200 கஜத்துக்கு மேல் சுட இடைவெளி கிடைப்பதே அரிது.

அறிகுறி: திருப்பத் திருப்ப, டர்ரெட் முடிவுக்கு வந்துவிட்டது, குறி இன்னும் எட்டவில்லை

கட்டாயப்படுத்தித் திருப்பாதீர்கள், உள்ளே உடையும். இது அநேகமாக ஸ்கோப்பின் குற்றமே அல்ல. முன் பேஸும் பின் பேஸும் இடம் மாறி மாட்டப்பட்டிருக்கலாம். பார்க்க ஒன்று போலவே இருந்தாலும் பல துப்பாக்கிகளில் இரண்டுக்கும் உயரம் வேறு. நீண்ட தூரம் சுடுவதற்கென்று 20 எம்.ஓ.ஏ. சரிவோடு செய்யப்பட்ட ரெயிலை (நீளமான ஒற்றைப் பேஸ்) தலைமாற்றிப் போட்டாலும் இதே கதி. பேஸை எடுத்து, பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணைத் துப்பாக்கி மாடலோடு ஒப்பிடுங்கள்.

இரவல் வாங்கியதோ பழைய ஸ்கோப்போ என்றால் முன்னால் வைத்திருந்தவர் அதை எங்கே விட்டார் என்று தெரியாது. ஒரு முனையிலிருந்து மறு முனை வரை க்ளிக்குகளை எண்ணி, பாதியில் நிறுத்தி நடுவுக்குக் கொண்டுவந்து மறுபடி தொடங்குங்கள். நடுவில் வைத்து மாட்டியும் பக்கவாட்டில் எட்டவில்லையென்றால் துப்பாக்கியில் பேஸுக்கான துளைகளே கோணலாக இருக்கலாம். அது துப்பாக்கிப் பழுது பார்ப்பவரின் வேலை.

அறிகுறி: மங்கலாகத் தெரிகிறது

எது மங்கல் என்று முதலில் பிரியுங்கள்.

குறுக்குக்கோடு மங்கல் என்றால் கண்ணருகே உள்ள வளையத்தைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். வெற்று வானத்தையோ வெள்ளைச் சுவரையோ நோக்கி ஸ்கோப்பைப் பிடியுங்கள், சூரியன் பக்கம் வேண்டவே வேண்டாம். கண்ணை மூடித் திறந்து, ஒரே ஒரு வினாடி பாருங்கள். கோடு அந்த முதல் வினாடியிலேயே கூர்மையாகத் தெரிய வேண்டும். உற்றுப் பார்த்துக்கொண்டே திருப்பினால் மங்கலுக்கும் கண் தன்னைப் பழக்கிக்கொள்ளும், தவறான இடத்தில் நிறுத்துவீர்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பலர் இந்த வளையத்தைத் தொடாமலே கண்ணாடி தரமில்லை என்று சொல்கிறார்கள். மூக்குக்கண்ணாடி போட்டுச் சுடுகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டேதான் இதைச் செய்ய வேண்டும்.

பகலில் தெளிவு, விடியலிலும் அந்தியிலும் மட்டும் இருட்டு என்றால் உருப்பெருக்கத்தைக் குறையுங்கள். முன்கண்ணாடியின் அகலத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 3-9×40 ஸ்கோப்பை (உருப்பெருக்கம் 3 முதல் 9 மடங்கு, முன்கண்ணாடி 40 மி.மீ.) 9-இல் வைத்தால் 4.4 மி.மீ. 6-இல் வைத்தால் 6.7. இருட்டில் இளைஞரின் கண்மணி 7 மி.மீ. வரை விரியும், வயது ஏற ஏற 5-க்கு இறங்கும். ஆக, அந்தியில் 9-இலேயே வைத்திருப்பவர் தன் கண் வாங்கக்கூடிய வெளிச்சத்தையே வீணாக்குகிறார். பல மாநிலங்களில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து மறைவுக்கு அரை மணி பின்பு வரை சுட அனுமதி உண்டு. அந்த இரண்டு அரை மணியிலும் வளையம் 5-லோ 6-லோ இருக்கட்டும்.

இதற்காக 50 மி.மீ. முன்கண்ணாடியோ 4-16 உருப்பெருக்கமோ தேடி ஓடுவதில் எனக்கு உடன்பாடில்லை. 50 மி.மீ. ஸ்கோப் உயரமாக உட்காரும், கன்னம் கட்டையில் படியாது, தலையை எக்கிப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும், எடையும் கூடும். ஒரே 200 டாலருக்கு விற்கும் இரண்டில், 3-9 ஸ்கோப்பில் அந்தக் காசு கண்ணாடியின் பூச்சுக்கும் உள் வேலைக்கும் போயிருக்கும். 4-16-இல் அது எண்ணுக்குப் போயிருக்கும். 6-இல் வைத்தும் அந்தி இருண்டே தெரிந்தால் அப்போது கண்ணாடி மேல் குறை சொல்லலாம். கடையில் பார்க்கும்போது விளக்கு வெளிச்சத்தில் பார்க்காமல், அனுமதி கேட்டு, சாயங்காலம் வாசலில் நின்று நிழலடித்த மூலையைப் பாருங்கள்.

அறிகுறி: கறுப்பு வளையம் தெரிகிறது, அல்லது சுட்டதும் புருவத்தில் இடிக்கிறது

இரண்டும் ஒரே காரணம், ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம். வேட்டை ஸ்கோப்புகளில் இது சுமார் மூன்றரை அங்குலம். உருப்பெருக்கம் கூடும்போது பலவற்றில் இது குறைந்துவிடும். ஆகவே ஸ்கோப்பைப் பொருத்தும்போது அதிகபட்ச உருப்பெருக்கத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் இயல்பாக ஏற்றி, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். முழு வட்டமும் தெரியும் வரை ஸ்கோப்பை ரிங்குக்குள் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். இதைக் குளிர்கால ஜாக்கெட் போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். ஆகஸ்ட் மாதம் டி-ஷர்ட்டில் பொருத்தியது டிசம்பரில் ஒரு அங்குலம் தள்ளிப்போயிருக்கும். வாங்கும்போது அட்டையில் கண் தூரம் மூன்றரை அங்குலத்துக்குக் குறைவாக எழுதியிருந்தால், .30-06 போலப் பலமாக உதைக்கும் துப்பாக்கிக்கு அது வேண்டாம்.

அறிகுறி: கண்ணாடியில் பனி

வெளியே படிந்த பனி துணியில் போய்விடும். அது உங்கள் மூச்சு அல்லது சூடான காருக்குள்ளிருந்து குளிரில் எடுத்ததன் விளைவு. முந்தின இரவே துப்பாக்கியை அதன் உறையோடு, பூட்டிய, சூடேறாத அறையில் வைத்தால் இது குறையும்.

துடைத்தும் போகாமல் உள்ளே இருந்தால் அடைப்பு போய்விட்டது. ஸ்கோப்புக்குள் ஈரம் இல்லாத நைட்ரஜனை நிரப்பி ரப்பர் வளையங்களால் அடைத்திருப்பார்கள், அது வெளியேறி ஈரக்காற்று புகுந்திருக்கிறது. வெயிலில் வைத்தால் அன்றைக்குத் தெளியும், அடுத்த குளிரில் மறுபடி வரும். வீட்டில் திறக்காதீர்கள். பனி படிந்த ஸ்கோப்பால் மானைத் தவறவிட்ட மார்கஸ் லூபோல்ட், இதைவிட நல்லதை நானே செய்வேன் என்று கிளம்பிய கதையைத்தான் லூபோல்ட் நிறுவனம் இன்றும் தன் ஸ்கோப் தொழிலின் தொடக்கமாகச் சொல்கிறது. இப்போது 100 டாலர் ஸ்கோப்பிலும் நைட்ரஜன் உண்டு. எனவே உள்ளே பனி வந்தால் பொறுத்துப்போக வேண்டியதில்லை, உத்தரவாதத்தில் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

அறிகுறி: 100 கஜத்தில் சரி, தூரம் போனால் தவறு

பக்கவாட்டில் தவறினால் குறுக்குக்கோடு சாய்ந்திருக்கலாம். தூரத்தில் ஒரு தூக்குநூல் கட்டித் தொங்கவிட்டு, துப்பாக்கியை மட்டப்பலகையால் நிமிர்த்தி வைத்து, நின்ற கோடு நூலோடு பொருந்தும்படி ரிங்கைத் தளர்த்தித் திருப்புங்கள். 5 டிகிரி சாய்வு 100 கஜத்தில் தெரியவே தெரியாது. 300 கஜத்துக்காக உயர்த்திப் பிடித்துச் சுடும்போது சுமார் ஓர் அங்குலம் பக்கத்தில் போகும்.

உயரத்தில் தவறினால், உங்கள் ரெட்டிக்கிளில், அதாவது குறுக்குக்கோட்டில், தூரத்துக்கான கூடுதல் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்த விலையில் கிடைக்கும் ஸ்கோப்புகளில் பெரும்பாலும் உருப்பெருக்கத்தை மாற்றும்போது படம் பெரிதாகும், கோடு அதே அளவில் இருக்கும். அந்தப் புள்ளிகள் ஓர் உருப்பெருக்கத்தில் மட்டுமே உண்மை சொல்லும், பொதுவாக அது அதிகபட்சம். 9-க்குச் சொன்ன புள்ளியை நாலரையில் பயன்படுத்தினால் இரண்டு மடங்கு உயர்த்திவிடுவீர்கள். இது தெரியாமல் சுட்டு மானைத் தவறவிடுகிறவர்கள் நிறைய. புள்ளியே இல்லாத, ஓரம் தடித்து நடு மெலிந்த சாதாரணக் குறுக்குக்கோடு புதியவருக்கு நல்லது என்று நான் சொல்வது இதனால்தான். இருட்டும் நேரத்தில் தடித்த ஓரங்கள் கண்ணை நடுவுக்குக் கொண்டுவரும்.

ஸ்கோப்தான் கெட்டது என்று உறுதியானால்

3-9×40, மூடியுள்ள டர்ரெட், மூன்றரை அங்குலக் கண் தூரம், சாதாரணக் குறுக்குக்கோடு, ஒரு அங்குலக் குழாய். இதுவே போதும். வோர்டெக்ஸ் கிராஸ்ஃபயர், லூபோல்ட் வி.எக்ஸ்-ஃப்ரீடம், பர்ரிஸ் ஃபுல்ஃபீல்டு ஆகிய வரிசைகள் இந்த வட்டத்துக்குள் வருகின்றன. 30 மி.மீ. குழாய் அதிக வெளிச்சம் தரும் என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். அது தருவது பெரும்பாலும் கூடுதல் திருப்பு இடம்தான்.

மொத்தக் காசையும் ஸ்கோப்புக்கே கொடுத்துவிட்டு 10 டாலர் ரிங்கில் மாட்டுவதைவிட, ஸ்கோப்பில் ஒரு படி இறங்கி 40, 50 டாலருக்கு உருக்கு அல்லது நல்ல அலுமினிய ரிங் வாங்குவது மேல். பழைய ஸ்கோப் வாங்கவும் தயங்க வேண்டாம். லூபோல்ட், வோர்டெக்ஸ் இரண்டின் ஆயுள் உத்தரவாதமும் முதலில் வாங்கியவரோடு நின்றுவிடுவதில்லை, கையில் வைத்திருப்பவருக்குச் செல்லும். ஆனால் இணையச் சந்தைகளில் பெரிய பெயர்களைப் பொறித்த போலிகளும் விற்கின்றன. 400 டாலர் ஸ்கோப் 80-க்குப் புதிதாகக் கிடைக்கிறதென்றால் அது போலி, உத்தரவாதமும் கிடையாது.

கெட்டதைத் திருப்பி அனுப்பும்போது ரிங்குகளைக் கழற்றிவிட்டு அனுப்புங்கள். ஸ்கோப்போடு ஒரு தாளில் துப்பாக்கி, தோட்டா, ரிங்கை எத்தனை இஞ்ச்-பவுண்டில் இறுக்கினீர்கள், 60 க்ளிக் சோதனையில் குண்டு எங்கே விழுந்தது என்று எழுதி, சுட்ட அட்டையின் படத்தையும் வையுங்கள். வெறுமனே "வேலை செய்யவில்லை" என்று எழுதினால் மேசையில் வைத்துப் பார்த்து நன்றாகத்தான் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. போய் வரச் சில வாரங்கள் ஆகும், ஆகவே இதைச் செப்டம்பருக்குள் செய்துவிட வேண்டும். திரும்பி வந்த ஸ்கோப்பைப் புது ஸ்கோப்பாகவே நினைத்து, முதல் குண்டை 25 கஜத்தில் சுடுங்கள். .308, .30-06 போன்ற துப்பாக்கிகளில் அங்கே குறிக்கு முக்கால் அங்குலம் கீழே விழும்படி வைத்தால் 100 கஜத்தில் அட்டைக்குள் இருக்கும். அங்கிருந்து 4 க்ளிக்குக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.